தொலைக்காட்சி விளம்பரங்களில் காலவரையறைச் சலுகை: சொல்லும் மெய்மையும்

0. முன்னுரை

சிறு மளிகைக் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று எழுதிய பலகையைக் காணலாம். இதே கருத்துடைய பலகை இந்தி பேசும் பகுதிகளின் கடைகளிலும் உண்டு. பலகையை நம்பி மறுநாள் வருபவருக்கும் அது ‘நாளை’ என்றே விடை கூறும். பலகையில் எழுதியது பொய்யென்று யாரும் கூற முடியாது. ஆயினும் கடன் ஒருநாளும் கிடைப்பதில்லை. ‘நாளை’ என்னும் சொல் எழுதப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படாமல், படிக்கப்படும் நாளிலிருந்து எண்ணப்படுவதே இதற்குக் காரணமாகும். கடைக்காரரும் வாடிக்கையாளரும் இதனை அறிந்திருப்பதால் பலகை நகைச்சுவையாக நின்றுவிடுகிறது, எவரும் ஏமாறுவதில்லை.

தொலைக்காட்சி விளம்பரங்களில் இடம்பெறும் ‘சலுகை இன்று மட்டுமே’ என்னும் தொடர் இப்பலகையின் மறுதலையாக அமைகிறது. பலகையின் ‘நாளை’ வருவதில்லை. விளம்பரத்தின் ‘இன்று’ முடிவதில்லை. ஆனால் இங்கு நகைச்சுவை இல்லை. கேட்பவர் அத்தொடரை மெய்யான எல்லையாகக் கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதே விளம்பரத்தின் எதிர்பார்ப்பாகும்.

தூர்தர்ஷனில் 1976ஆம் ஆண்டு வணிக விளம்பரங்கள் தொடங்கின. 1990களில் தனியார் அலைவரிசைகள் பெருகியபின், பொருளைக் காட்டித் தொலைபேசி வழியே விற்கும் நீண்ட நிகழ்ச்சிகளும் வந்தன. அவற்றுள் பல ஆங்கிலத்திலோ இந்தியிலோ உருவாகிப் பிற இந்திய மொழிகளுக்குக் குரல்மாற்றம் செய்யப்பட்டவை. எனவே காலவரையறைச் சலுகைகள் மெய்யானவையா என்னும் வினா வாணிகத்திற்கும் சட்டத்திற்கும் மட்டும் உரியதன்று. மொழியியலுக்கும் மொழிபெயர்ப்பியலுக்கும் உரியது. இவ்வினாவை விளம்பரத் தமிழின் சொல்லமைப்பைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்குக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் வழக்கிலுள்ள வாய்பாடுகளைப் பின்பற்றி அமைத்துக்கொள்ளப்பட்டவை. குறிப்பிட்ட எந்த நிறுவனத்தையும் சுட்டுவன அல்ல.

1. ‘சலுகை’ என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘ஆஃபர்’ என்னும் சொல் இரண்டு பொருள்களில் வழங்குகிறது. ஒன்று, ‘இந்த விலைக்கு இதனைத் தருகிறேன், ஏற்கிறீரா?’ என்று முன்வைத்தல். மற்றொன்று, விலைக்குறைப்பு. முதற்பொருளில் அது இருவருக்கிடையே நிகழும் பேச்சுச் செயல். ஏற்றுக்கொண்டால் இருவரையும் கட்டுப்படுத்துவது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் முன்மொழிவையும் அதனை ஏற்பதையும் இவ்வாறே இணைத்துப் பேசுகிறது. முன்மொழிவில் காலம் குறிக்கப்பட்டிருந்தால் அக்காலம் கடந்ததும் அது செயலற்றுப்போகும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு.

தமிழில் இச்சொல் ‘சலுகை’ என்று பெயர்க்கப்படுகிறது. சலுகை என்பது மேலிடத்திலிருப்பவர் கீழிருப்பவருக்குக் காட்டும் தயவைக் குறிப்பது. மாணவர்க்குக் கட்டணச் சலுகை, முதியோர்க்குப் பயணச் சலுகை என்னும் வழக்குகளில் இப்பொருளே பயின்று வருகிறது. தருவதும் தராமல் விடுவதும் தருபவரின் விருப்பம். பெறுபவர் கணக்குக் கேட்பது மரபன்று. இதனால் மொழிபெயர்ப்பில் பேச்சுச் செயலே மாறிவிடுகிறது. முன்மொழிவாக இருந்தது தயவாகிறது. ‘குறுகிய காலச் சலுகை’ என்று கேட்பவர், ‘இதன் முடிவு நாள் எது?’ என்று வினவுவதைவிடத் தயவு திரும்பப் பெறப்படுமுன் அதனைப் பெற்றுக்கொள்ள முற்படுவார். பேச்சுத் தமிழில் வழங்கும் ‘ஆஃபர்’ என்னும் கடன்சொல்லும் கடைவழக்கில் பெரிதும் விலைக்குறைப்பு என்னும் பொருளிலேயே வருகிறது.

2. எல்லையின் மூவகை

காலவரையறையை உணர்த்தும் தொடர்களை அவை காட்டும் எல்லையைக் கொண்டு மூவகைப்படுத்தலாம்.

(அ) நிலைத்த எல்லை: ‘இச்சலுகை அக்டோபர் 31 வரை.’
(ஆ) நகரும் எல்லை: ‘இன்று மட்டுமே’, ‘இன்னும் மூன்றே நாள்கள்’, ‘அடுத்த 20 நிமிடங்களுக்குள் அழைப்பவர்களுக்கு.’
(இ) மறைந்த எல்லை: ‘குறுகிய காலத்திற்கு மட்டுமே’, ‘கையிருப்பு உள்ளவரை.’

முதல் வகையில் எல்லை நாட்காட்டியோடு பிணைந்துள்ளது. விளம்பரம் எத்தனை முறை ஒளிபரப்பப்பட்டாலும் அந்நாள் மாறுவதில்லை. இரண்டாம் வகையில் எல்லை பேசும் நேரத்தோடு பிணைந்துள்ளது. நேர்ப்பேச்சில் சொல்லும் நேரமும் கேட்கும் நேரமும் ஒன்றாக இருப்பதால் ‘இன்று’, ‘இப்போது’ என்னும் காலச் சுட்டுகள் குழப்பம் தருவதில்லை. கடிதத்திலும் ஒலிப்பதிவிலும் இவ்விரு நேரங்களும் பிரிந்துவிடுகின்றன. சார்லசு பில்மோர் 1971இல் சுட்டு பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளில் இப்பிரிவை விளக்கியுள்ளார். கடிதம் எழுதுபவர் மேலே தேதியிடுவது இக்குறையை நீக்குவதற்காகவே. தொலைக்காட்சி விளம்பரம் தேதியிடப்படாத கடிதம் போன்றது. அதிலும், ஒரே கடிதம் நாள்தோறும் புதிதாக வந்து சேர்வது போன்றது.

தொலைபேசி வழி விற்பனை நிகழ்ச்சிகளில் திரையின் ஓரத்தில் காட்டப்பெறும் இறங்குமுகக் கடிகாரம் இதற்குத் தெளிவான சான்று. நிகழ்ச்சி முன்னரே பதிவு செய்யப்பட்டதாயின், கடிகாரமும் அப்பதிவின் ஒரு பகுதியே. நிகழ்ச்சி மறுநாள் மீண்டும் ஒளிபரப்பாகும்போது கடிகாரமும் 20ஆம் நிமிடத்திலிருந்து மீண்டும் இறங்கத் தொடங்கும். அது காட்டுவது சலுகையின் கால அளவன்று; நிகழ்ச்சியின் கால அளவு.

மூன்றாம் வகையில் எல்லை உண்டு என்பது மட்டும் கூறப்படுகிறது. எது எல்லை என்பது கூறப்படுவதில்லை. ‘குறுகிய காலம்’ என்பதற்கு அளவு இல்லை. ‘கையிருப்பு உள்ளவரை’ என்பது காலத்தை விட்டு எண்ணிக்கைக்கு மாறுகிறது. அந்த எண்ணிக்கையோ விற்பவர் மட்டுமே அறிந்தது.

சலுகை மெய்யா பொய்யா என்பதைச் சொல்லமைப்பு மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. அதற்குக் கடையையும் விலைப்பட்டியலையும் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு கூற்று பொய்யாகக் கூடியதா என்பதைச் சொல்லமைப்பைக் கொண்டே அறியலாம். ‘அக்டோபர் 31 வரை’ என்பது பொய்யாகக் கூடியது. நவம்பர் முதல் நாளன்றும் அதே விலை இருந்தால் கூற்று பொய்யாகிவிடும். வாடிக்கையாளரின் வேண்டுகோளுக்கிணங்க ஒரு வாரம் நீட்டிக்கப்பட்டதாக அறிவித்தாலும், அவ்வறிவிப்பே முன்னர் ஓர் எல்லை இருந்தது என்பதற்குச் சான்றாகிறது. நகரும் எல்லையும் மறைந்த எல்லையும் எந்நாளிலும் பொய்யாவதில்லை. பொய்யாகவே முடியாத கூற்றை மெய்யென்று கொள்வதற்கும் இடமில்லை. காலவரையறைச் சலுகைகளைத் திறனாய்பவர் முதலில் கருத வேண்டியது இவ்வேறுபாட்டையே.

நகரும் எல்லை எல்லாம் பொய் என்பதன்று. விழாவிற்கு முந்தைய நாளில் மட்டும் ஒளிபரப்பப்படும் ‘நாளையுடன் முடிகிறது’ என்னும் விளம்பரத்தில் சொல்லும் நாளும் கேட்கும் நாளும் ஒன்றாதலால் எல்லை மெய்யாகலாம். அதுபோலவே, எல்லைக்கு வெளிப்படையான காரணம் இருக்குமிடத்தும் ஐயம் குறைகிறது. ஆடி மாதத்தில் திருமணம் முதலிய மங்கல நிகழ்ச்சிகளைத் தவிர்க்கும் வழக்கத்தால் தமிழகத்தில் துணி வாணிகம் தளர்வது உண்டு. அத்தளர்ச்சியை ஈடுசெய்யவும், தீபாவளிக்குப் புதுச்சரக்கு வருமுன் பழைய இருப்பைத் தீர்க்கவும் ஆடித் தள்ளுபடி பயன்படுகிறது. காதிப் பொருள்களுக்கு அக்டோபர் 2ஆம் நாளாகிய காந்தி பிறந்த நாளையொட்டித் தள்ளுபடி தரப்படுவதும் இத்தகையது. இவற்றின் காலம் விளம்பரத்திற்கு வெளியே, கேட்பவரும் அறிந்த நாட்காட்டியில் இருக்கிறது.

3. ஏகாரமும் ‘மட்டும்’ என்பதும்

விளம்பரத் தமிழில் காலப்பெயரோடு ஏகாரம் சேர்ந்து வருவது பெருவழக்கு: ‘இன்றே வாங்குங்கள்’, ‘உடனே அழையுங்கள்’. தேற்றம், பிரிநிலை ஆகிய பொருள்கள் ஏகாரத்திற்கு உண்டு என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் கூறுகின்றன. ‘இன்றே வாங்குங்கள்’ என்னும் தொடரில் விற்பவர் தேற்றப்பொருளை வைக்கிறார். கேட்பவரோ ‘நாளை கிடைக்காது’ என்னும் பிரிநிலைப் பொருளையும் சேர்த்துப் பெறுகிறார். ஆனால் தொடரில் காலம் வரையறுப்பது சலுகையை அன்று. வாங்குதல் என்னும் செயலை. கேட்பவர் இன்று வாங்க வேண்டும் என்பதே கூறப்பட்டது. சலுகை இன்றோடு முடியும் என்பது கூறப்படவில்லை. அது உட்கிடையாகப் பெறப்பட்டது. ‘நாளையும் உண்டு’ என்று பின்னர் விற்பவர் கூறினும் முன்கூறியதற்கு முரணாகாது. உட்கிடைப் பொருளை முரண்பாடின்றி விலக்கிக்கொள்ள முடியும் என்று கிரைசு காட்டிய இயல்பு இங்கு விற்பவருக்குப் புகலிடமாகிறது.

‘மட்டும்’ என்னும் சொல்லின் நிலையும் கருதத்தக்கது. பற்றுச்சீட்டிலும் காசோலையிலும் ‘ரூபாய் ஐந்நூறு மட்டும்’ என்று எழுதுவது தொகையை முத்திரையிட்டு மூடுவதற்காக. பிறர் பின்னால் எதையும் சேர்க்காமல் தடுப்பதற்காக. அங்கு ‘மட்டும்’ என்பது அளவைக் காக்கும் சொல். ‘குறுகிய காலத்திற்கு மட்டுமே’ என்பதில் அதற்கு முன்னால் எண்ணும் இல்லை, நாளும் இல்லை. மூடுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் முத்திரை மட்டும் இடப்படுகிறது. கணக்குவழக்கில் சொல் பெற்றிருந்த நம்பகத்தை விளம்பரம் கடனாகப் பெறுகிறது. அச்சொல் அங்குச் செய்த வேலையை இங்குச் செய்வதில்லை.

4. விரைவும் காலமும்

விரைவு கருதிக் காலம் மயங்கி வருவதைத் தமிழ் இலக்கணம் முன்னரே கண்டுள்ளது. எதிர்காலத்திற்கும் நிகழ்காலத்திற்கும் உரிய செயலை விரைவுப் பொருளில் இறந்தகால வினையால் கூறலாம் என்பது தொல்காப்பிய வினையியலில் காணப்படும் விதி. நன்னூலும் காலம் பிறழ்வதற்குரிய காரணங்களுள் விரைவினை முதலில் வைக்கிறது. உண்ணாதவனையும் உண்டுகொண்டிருப்பவனையும் உடன்செல்ல வேண்டியவன் விரைவுபடுத்த, ‘உண்டேன், போந்தேன்’ என்று அவன் விடை கூறுவதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர்.

இவ்வழக்கிற்கும் விளம்பர வழக்கிற்கும் உள்ள வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. ‘உண்டேன்’ என்பவனது விரைவு அவனுடையது. தன் செயலைப் பற்றியே அவன் பேசுகிறான். கேட்பவனும் அவன் இன்னும் உண்ணவில்லை என்பதைக் காண்கிறான். எனவே காலம் மயங்கினும் பொருள் மயங்கவில்லை. ‘இதோ, சலுகை முடியப்போகிறது’ என்னும் விளம்பரக் குரலுக்கோ விரைவு ஏதும் இல்லை. அக்குரல் பல நாள்களுக்கு முன் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிதானமாகப் பதிவு செய்யப்பட்டது. விரைவு முழுவதும் கேட்பவரிடம் மாற்றப்படுகிறது. முடியப்போகிறதா இல்லையா என்பதைக் காணும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. வாக்களிக்கும் பேச்சுச் செயல்களுக்குச் சொல்பவரின் உளப்பாங்கு சொல்லோடு ஒத்திருக்க வேண்டும் என்பது ஆஸ்டினும் சியர்லும் வகுத்த நிபந்தனை. இங்கு ஒத்திருக்க வேண்டிய உளப்பாங்கு யாருடையது என்பதே தெளிவற்றிருக்கிறது.

விளம்பரம் என்றாலே மிகைப்படக் கூறுவது; அதனைச் சொல்லுக்குச் சொல் ஆராய்வது பொருந்தாது என்று மறுப்போர் உளர். ‘நிகரற்ற சுவை’, ‘ஒளிரும் வெண்மை’ என்பனவற்றிற்கு இக்கருத்துப் பொருந்தும். அவை உயர்வு நவிற்சியின்பாற்படும். காலம் அத்தகையதன்று. நாட்காட்டியால் அளக்கக்கூடியதை அளக்க முடியாதபடி கூறுவது உயர்வு நவிற்சி ஆகாது. மேலும், மிகைப்புகழ்ச்சி கேட்பவரின் விருப்பத்தைத் தூண்டுகிறது. போலி எல்லையோ பிற கடையில் விலை கேட்கவும், வீட்டாரோடு கலந்து பேசவும் வேண்டிய நேரத்தையே எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் வெளியிட்ட முறையற்ற வணிக நடைமுறைகள் பற்றிய நெறியாணை, மிகக் குறுகிய காலமே கிடைக்கும் என்று பொய்யாகக் கூறி உடனடி முடிவைப் பெறுவதை எந்நிலையிலும் முறையற்றதாக வகுத்துள்ளது. தகவலறிந்து தேர்வதற்குரிய காலத்தை நுகர்வோர் இழக்கிறார் என்பதே அதில் கூறப்பட்ட கேடு.

5. சட்டம் பொருள்கொள்ளும் முறை

இந்தியச் சட்டத்தில் மொழியியலார் கருதத்தக்க ஒரு கூறு உள்ளது. ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வாணிப நடைமுறைகள் சட்டத்தில் 1984இல் சேர்க்கப்பட்ட பகுதியிலும், 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், அதற்கு மாற்றாக வந்து 2020 முதல் நடைமுறையிலுள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மலிவு விலை விளம்பரம் பற்றிய விதி இடம்பெற்றுள்ளது. விளம்பரப்படுத்திய மலிவு விலைக்கு நியாயமான காலமும் நியாயமான அளவும் விற்கும் எண்ணம் இல்லாமல் விளம்பரம் செய்தல் முறையற்ற வாணிப நடைமுறையாகும். எது மலிவு விலை என்பதற்கு, விளம்பரத்தைப் படிப்பவர், கேட்பவர் அல்லது காண்பவர் நியாயமாக எவ்வாறு புரிந்துகொள்வார் என்பதும் அளவுகோலாக வைக்கப்பட்டுள்ளது.

இது முன்னர்க் கூறிய உட்கிடைச் சிக்கலுக்கு விடையாக அமைகிறது. ‘நாங்கள் அவ்வாறு கூறவில்லையே’ என்னும் வாதம் சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் நம்புவது. சட்டமோ கேட்பவர் பெறும் பொருளையும் கணக்கில் கொள்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஏமாற்று விலைக்குறிப்புகளுக்கு எதிராக வகுத்துள்ள வழிகாட்டிகளும், உண்மையில் வரம்பில்லாத சலுகையை வரம்புக்குட்பட்டதாக அறிவிக்கலாகாது எனக் கூறுகின்றன.

2022 ஜூன் மாதம் வெளியான, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான இந்திய வழிகாட்டு நெறிகள் ஈர்ப்பு விளம்பரங்களுக்குத் தனி நிபந்தனைகள் விதித்தன. பொருளின் கிடைப்பு குறித்து நுகர்வோரைத் தவறாக எண்ணவைத்து வாங்கத் தூண்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 2023 நவம்பரில் இணையவழி இடைமுகங்களைக் கருதி வெளியான நெறிகள் பதின்மூன்று ஏமாற்று முறைகளைப் பட்டியலிட்டபோது, பொய்யான அவசரத்தையே முதலாவதாக வைத்தன. தொலைக்காட்சியின் இறங்குமுகக் கடிகாரம் இணையத்திலும் இடம் பெற்றுவிட்டது என்பதை இது காட்டுகிறது.

6. மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு

2022ஆம் ஆண்டு நெறிகளில் மொழிபெயர்ப்பாளருக்கு நேரடியாக உரிய விதியொன்று உண்டு. விளம்பரக் கூற்று எம்மொழியில் உள்ளதோ அம்மொழியிலேயே அதற்குரிய வரம்புக் குறிப்பும் இருத்தல் வேண்டும். எழுத்துருவும் ஒத்திருத்தல் வேண்டும். கூற்று குரலாக ஒலிக்குமாயின் குறிப்பு அதனோடு இணைந்து, அதே வேகத்தில் காட்டப்பெற வேண்டும். குரல் தமிழிலும், திரையின் அடியில் நுண்ணெழுத்துக் குறிப்பு ஆங்கிலத்திலும் அமையும் விளம்பரம் இவ்விதிக்கு முரணானது. அத்தகைய விளம்பரத்தில் வாக்குறுதி தமிழருக்கும் எல்லை ஆங்கிலம் அறிந்தவருக்கும் பங்கிடப்படுகிறது. ஆங்கிலம் அறியாத பார்வையாளருக்கு அச்சலுகை எல்லையற்றதாகவும், அதே வேளையில் அவசரமானதாகவும் தோன்றும்.

விளம்பரங்களைத் தமிழாக்குவோர் கீழ்வருவனவற்றைக் கருதலாம்.

(அ) தருமொழியில் முடிவு நாள் இருப்பின் பெறுமொழியிலும் அதனை நாளாகவே தருதல் வேண்டும். உதட்டசைவுக்காகவோ கால அளவுக்காகவோ ‘சில நாள்களே’ என்று சுருக்கலாகாது.
(ஆ) ‘வரை’, ‘முன்’ ஆகியவற்றின் வேறுபாட்டைக் காத்தல் வேண்டும். ‘31 வரை’ என்பது 31ஆம் நாளையும் உள்ளடக்கும். ‘31க்கு முன்’ என்பது உள்ளடக்காது.
(இ) இருப்பளவைப் பற்றிய வரம்பைக் கால வரம்பாக மாற்றலாகாது. ‘கையிருப்பு உள்ளவரை’ என்பதை ‘இன்றே முடிகிறது’ என்று பெயர்ப்பது புதிய கூற்றை உருவாக்குவதாகும்.
(ஈ) மூலத்தில் இல்லாத ஏகாரத்தைச் சேர்த்தல் ஓசைக்கு உதவலாம். ஆனால் அது பிரிநிலைப் பொருளையும் உடன் கொணர்கிறது.
(உ) ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்னும் தொடரில் எவை நிபந்தனைகள் என்பதும், விதித்தவர் யார் என்பதும் இல்லை. முதன்மையான நிபந்தனையையேனும் ஒரு வாக்கியமாகத் தருமாறு விளம்பரதாரரிடம் கேட்பது மொழிபெயர்ப்பாளரின் பணிக்கு உட்பட்டதே.

இவை சிறு திருத்தங்களாகத் தோன்றலாம். மூலத்தில் நாள் இல்லாதபோது மொழிபெயர்ப்பாளரால் அதனை உருவாக்க முடியாது என்பதும் உண்மையே. ஆயினும் மூலத்தில் உள்ள நாள் தமிழுக்கு வரும்போது காணாமற்போகுமாயின், அப்பிழை வணிகருடையது மட்டும் ஆகாது.

7. முடிவுரை

காலவரையறைச் சலுகைகள் மெய்யா என்னும் வினாவிற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பொதுவிடை கூற இயலாது. சில மெய்யானவை, அவற்றிற்கு நாளும் காரணமும் உண்டு. சில பொய்யானவை, அவற்றை நாளைக் கொண்டே மெய்ப்பிக்கலாம். இவ்விரண்டிற்கும் புறம்பாக, நகரும் எல்லையையும் மறைந்த எல்லையையும் கொண்டு, பொய்யென மெய்ப்பிக்க இடமளிக்காத வகையில் அமைந்த விளம்பரங்கள் உள்ளன. ‘இன்று’, ‘குறுகிய’, ‘மட்டுமே’ என்னும் எளிய சொற்களே அவற்றின் காவல்.

இவ்வகை விளம்பரங்களை ஆராய மொழியியலாளருக்குத் தனிக் கருவி தேவையில்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது, எந்த நாளில் இக்கூற்று பொய்யாகும் என்னும் இரு வினாக்கள் போதும். இவற்றிற்கு விளம்பரம் விடை தராதாயின், அதில் கூறப்பட்டது காலவரையறை அன்று. கேட்பவரை விரைவுபடுத்தும் ஏவல் மட்டுமே. மளிகைக் கடைப் பலகையைப் படித்துச் சிரிப்பவருக்கு அதன் ‘நாளை’ எத்தகையது என்பது தெரியும். தொலைக்காட்சியின் ‘இன்று’ எத்தகையது என்பதையும் அவர் அவ்வாறே அறியும்படி செய்வது மொழியைப் பயில்வோரின் கடனாகும்.